பர்ட் கென்னடியின் வாயாடிகள்

ஹாலிவுட் எழுத்தாளரும் இயக்குநருமான பர்ட் கென்னடியைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே தீர்ப்புதான் வருகிறது. திரைக்கதை எழுதிய வரைக்கும் அவர் வைரம், இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடிக் கல். பழைய வெஸ்டர்ன் படங்களை ஒன்றுவிடாமல் தேடிப் பார்க்கும் நண்பர் ஒருவர் இதை இன்னும் கடுமையாகச் சொன்னார்: "அந்த மனுஷன் 1960-லயே எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுப் பண்ணை வாங்கிப் போயிருக்கணும்." எனக்குச் சட்டென்று பதில் கிடைக்கவில்லை. பட்டியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. ஒரு பக்கம் 1956 முதல் 1960 வரை பட் பெட்டிகர் இயக்குவதற்காகக் கென்னடி எழுதிய நான்கு திரைக்கதைகள். இன்னொரு பக்கம் 1961-இலிருந்து அவரே இயக்கிய படங்கள். அதில் ஃபிராங்க் சினாட்ரா நடித்த 'டர்ட்டி டிங்கஸ் மகீ'யும் உண்டு, மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் வேறு கிரகத்திலிருந்து வந்து இறங்கும் 'சபர்பன் கமாண்டோ'வும் உண்டு. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்காக வாதாடுவது?

ஆனாலும் அந்தத் தீர்ப்பு எனக்குள் ஒட்டவில்லை. சரிவு என்று நாம் சொல்வதில் பாதியாவது ஒரு மனிதர் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்குமோ என்று சந்தேகம். நான்கு படங்களையும் திரும்பப் பார்த்தேன். அப்புறம் அவர் இயக்கியதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஒரு ஆள் படம் விட்டுப் படம் தாவி வந்துகொண்டிருப்பது தெரிந்தது. அவன் நாயகன் இல்லை. எப்போதும் சிரித்த முகம், எதற்கும் ஒரு கதை, எப்போது வேண்டுமானாலும் முதுகில் சுட்டுவிடக்கூடியவன், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க அவனைவிட நல்ல துணை கிடையாது. நான் அவனை வாயாடி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கென்னடியின் வாழ்க்கை முழுவதும் இந்த வாயாடியை என்ன செய்வது என்ற கேள்வியாகத்தான் எனக்குத் தெரிகிறது.

கூண்டு வண்டிக்குள் மழை

'செவன் மென் ஃப்ரம் நவ்' 1956-இல் வந்தது. கென்னடி எழுதிப் படமான முதல் திரைக்கதைகளில் ஒன்று. ஜான் வெய்னின் பாட்ஜாக் நிறுவனத்தில் அப்போது அவர் எழுத்தாளர். வெய்னை மனதில் வைத்தே எழுதினார், ஆனால் வெய்ன் 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் வாய்ப்பு ரண்டால்ஃப் ஸ்காட்டுக்குப் போனது. இந்தத் தற்செயலை எவ்வளவு வியந்தாலும் தகும். வெய்ன் நடித்திருந்தால் அது வெய்ன் படமாக ஆகியிருக்கும். ஸ்காட் நடித்ததால் அது எதிரே இருப்பவனின் படமாகவும் ஆனது. ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்காட்டின் முகம் எதையும் விட்டுக்கொடுக்காது. அந்த முகத்தின் முன்னால் வேறு யாராவது பேசித்தான் ஆக வேண்டும். பேச வந்தவர் லீ மார்வின்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனைவியைக் கொன்ற ஏழு பேரைத் தேடிப் போகும் முன்னாள் ஷெரீஃப் ஸ்டிரைட். வழியில் சேற்றில் சிக்கிய வண்டியோடு ஒரு கணவன், மனைவி. கொள்ளைப் பணத்தை மோப்பம் பிடித்தபடி கூடவே வரும் மாஸ்டர்ஸ், அதாவது மார்வின். ஒரு இரவு, வெளியே மழை. நான்கு பேரும் கூண்டு வண்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். மாஸ்டர்ஸ் கதை சொல்ல ஆரம்பிக்கிறான். தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணாம், அவளுக்கு அமைதியான ஒரு புருஷனாம், இன்னொரு ஆண் வந்தானாம், அவள் அவனோடு போய்விட்டாளாம். அவ்வளவுதான் கதை. ஆனால் சொல்லச் சொல்ல, அவன் கண் அந்த மனைவியையும் ஸ்டிரைட்டையும் அந்தக் கணவனையும் மாறி மாறித் தொடுகிறது. மூன்று பேரையும் ஒரே நேரத்தில் அவமானப்படுத்துகிறான், ஆனால் யாராலும் எழுந்து "என்ன சொன்னாய்?" என்று கேட்க முடியாது. அவன் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றித்தானே சொன்னான்? காபி நன்றாக இருக்கிறது என்ற பாராட்டு வேறு. கடைசியில் ஸ்டிரைட் அவனை வெளியே போகச் சொல்கிறார்.

துப்பாக்கி எடுக்கப்படாத இந்தக் காட்சியில் இருக்கிற பதற்றம், பல படங்களின் உச்சக்கட்டத் துப்பாக்கிச் சண்டையில் கிடையாது. பெட்டிகர் அதை நெருக்கமான சட்டகங்களில் அடைத்திருக்கிறார், மார்வின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சுவைத்துப் பேசுகிறார், எல்லாம் சரி. ஆனால் அந்த எண்ணம் கென்னடியுடையது. வில்லனுக்கு நல்ல வசனம் எழுதுவது ஒன்றும் புதிதில்லை. கென்னடி செய்தது வேறு. வில்லனுக்கு எல்லோரையும் புரிந்துகொள்ளும் அறிவைக் கொடுத்தார். ஸ்டிரைட் தனக்கே ஒப்புக்கொள்ளாத ஆசையை மாஸ்டர்ஸ் பார்த்துவிடுகிறான். பின்னால் அந்த 'அமைதியான' கணவன் சாவை எதிர்கொண்டு நடந்து போய்ச் சுடப்படும்போது, அவனைத் தப்பாக எடை போட்டுவிட்டேன் என்று தன் கூட்டாளியிடம் ஒப்புக்கொள்பவனும் மாஸ்டர்ஸ்தான். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. அந்தக் கூட்டாளியையே அப்புறம் அவன் சுட்டுவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

கடைசி மோதலில் ஸ்டிரைட் துப்பாக்கியை உருவுவதைக் கேமரா காட்டுவதில்லை. மாஸ்டர்ஸின் முகத்தை மட்டும் காட்டுகிறது. தன் வேகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவன், நடந்ததை நம்ப முடியாமல் நிற்கிறான். வெறுங்கையாகச் சாகிறான். நான் ஒவ்வொரு முறையும் நாயகன் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் மாஸ்டர்ஸ் போய்விட்டானே என்று வருத்தப்படுகிறேன். இது என் கோளாறு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசன் 1957-இலேயே இந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்து எழுதினார். அமெரிக்காவிலோ அது ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் ஓட்டும் இரட்டைக் காட்சிகளுக்கான சாதாரணச் சரக்காக வந்து போனது.

நம் ஊரில் கௌபாய் படம் என்றால் 'மெக்கன்னாஸ் கோல்டு', அதை விட்டால் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் சுருட்டு. எண்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சின்னப் படங்கள் நம்மிடம் சுற்றுக்கே வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அமெரிக்கர்களுக்கே 'செவன் மென்' பல வருடம் கண்ணில் படாமல்தான் இருந்தது.

மேடையில் பிறந்த பையன்

கென்னடி 1922-இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் வாடெவில் மேடைக் கலைஞர்கள். ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடிச் சிரிக்க வைப்பது அவர்கள் தொழில். பையனும் சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டான். அப்புறம் உலகப் போர், ராணுவம், பதக்கங்கள். போர் முடிந்து வந்து வானொலிக்கு எழுதினார், அங்கிருந்து பாட்ஜாக்.

இந்த வரிசையைப் பார்த்ததும் போரைப் பிடித்துக்கொள்ளத்தான் கை போகும். சாவை நேரில் பார்த்தவர், அதனால்தான் அந்த நான்கு படங்களில் சாவு இவ்வளவு சட்டென்று, இவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று சொல்லிவிடலாம். சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கு வாடெவில்தான் முக்கியமாகப் படுகிறது. வாடெவில் மேடையில் நிற்பவனுக்குக் கதை கிடையாது, பாத்திர வளர்ச்சி கிடையாது. சில நிமிடம் கிடைக்கும். அதற்குள் எதிரே இருக்கும் முன்பின் தெரியாத கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மாஸ்டர்ஸ் வண்டிக்குள் செய்வது அதேதான். கென்னடியின் வாயாடிகள் எல்லோரும் மேடைக்காரர்கள்.

1957-இல் வந்த 'தி டால் டி' எல்மோர் லியோனார்டின் சிறுகதையிலிருந்து எடுத்தது. முதல் பகுதி முழுக்கத் தமாஷ். ஸ்காட் ஒரு காளை மேல் ஏறிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டித் தோற்று, குதிரையை இழந்து, சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். வழியில் இருக்கும் நிலையத்துப் பையனுக்கு மிட்டாய் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார், வாங்கியும் வருகிறார். வந்து சேரும்போது அந்தப் பையனும் அவன் அப்பாவும் கிணற்றுக்குள் பிணமாகக் கிடக்கிறார்கள் என்று தெரிகிறது. மிட்டாய் கையில் இருக்கிறது. அவ்வளவு நேரம் நம்மைச் சிரிக்க வைத்ததே இந்த அடிக்காகத்தான். முதல் முறை பார்த்தபோது நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதைச் செய்த கூட்டத்தின் தலைவன் அஷர், நடித்தவர் ரிச்சர்ட் பூன். அடுத்த நாற்பது நிமிடமும் அவன் ஸ்காட்டோடு நட்பு பிடிக்கப் பார்க்கிறான். தன் ஆட்கள் சின்னப் பயல்கள், அவர்களோடு பேச ஒன்றும் இல்லை என்கிறான். சொந்தமாக நிலம், மாடு என்று ஒன்று வேண்டும் என்கிறான். பணயமாகப் பிடித்து வைத்திருக்கும் பெண்ணுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிறான். கிணற்றை மறக்கக்கூடாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் ஸ்காட் அவனை முதுகில் சுட மாட்டார் என்பது அவனுக்கே தெரியும். அந்த நம்பிக்கையில் நடந்து போய்க் குதிரை ஏறிப் போகிறான். போயிருக்கலாம். ஆனால் குதிரையைத் திருப்பிக்கொண்டு துப்பாக்கியோடு பாய்ந்து வந்து சாகிறான். எழுத்தாளர் அவனுக்குக் கதவைத் திறந்து வைத்தும் அவன் போகவில்லை.

ஒருவன் மட்டும் பிழைத்தான்

நான் சொல்ல வருவதெல்லாம் 1959-இல் வந்த 'ரைடு லோன்ஸம்' படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

ஸ்காட் இதில் பிரிகேட் என்ற வெகுமதி வேட்டைக்காரர். பில்லி என்ற இளம் கொலைகாரனைப் பிடித்துக் கொண்டுபோகிறார். வழியில் ஒட்டிக்கொள்ளும் வாயாடியின் பெயர் பூன், நடித்தவர் பெர்னெல் ராபர்ட்ஸ். அவனோடு விட் என்ற கூட்டாளி, அது ஜேம்ஸ் கோபர்னின் முதல் படம். பில்லியை ஒப்படைப்பவனுக்குப் பழைய குற்றங்கள் எல்லாம் மன்னிக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. பூனுக்கு அது வேண்டும். ஒரு பண்ணை வாங்கி வைத்திருக்கிறான், காலையில் எழுந்து யாருக்கும் ஒளியாமல் வாழ வேண்டும். ஆகவே எப்போதாவது பிரிகேடைக் கொன்றாக வேண்டும். இதை அவன் பிரிகேடிடமே சொல்லிவிடுகிறான், கொஞ்சம் வருத்தத்தோடு.

படப்பிடிப்பின்போது கோபர்னைப் பெட்டிகருக்கு மிகவும் பிடித்துப்போய், அவருக்கு இன்னும் வசனம் எழுதித் தரும்படி கென்னடியிடம் கேட்டார். அப்படி வந்தது ஒரு சின்னக் காட்சி. பண்ணையில் உனக்குப் பாதி என்று பூன் விட்டிடம் சொல்கிறான். ஏன் என்று கேட்கிறான் விட். உன்னை எனக்குப் பிடிக்கும் என்கிறான் பூன். இத்தனை வருடம் கூடவே சுற்றியவன் முகத்தில் வருகிற ஆச்சரியம் இருக்கிறதே, அது எனக்குத் தெரியவே தெரியாதே என்கிறான். கொள்ளைக்காரர்கள் இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொள்வதை எழுதியவர், அவர்கள் சாவதை விரும்பியிருக்க முடியாது.

பிரிகேடின் உண்மையான நோக்கம் வெகுமதிப் பணம் இல்லை. பில்லியின் அண்ணன் ஃபிராங்க் பல காலத்துக்கு முன் பிரிகேடின் மனைவியைத் தூக்கில் போட்டவன். தம்பி வெறும் தூண்டில். லீ வான் கிளீஃப் நடித்த அந்த ஃபிராங்குக்கு நடந்தது கிட்டத்தட்ட மறந்தே போயிருக்கிறது. ஒருவருடைய வாழ்க்கையை அழித்த காரியம் அழித்தவனுக்கு ஞாபகத்தில் இல்லை. கென்னடி எழுதியதிலேயே கொடூரமான இடம் அதுதான் என்பேன். சரி, ஃபிராங்க் செத்துவிடுகிறான், கணக்கு முடிந்தது. இப்போது மிச்சம் இருப்பது பூன். வகைமையின் சட்டப்படி இருவரும் எதிரெதிரே நின்றாக வேண்டும். நிற்கிறார்கள். பூன் தயாராகிறான்.

பிரிகேட் பில்லியைக் கொண்டுபோ என்று கொடுத்துவிடுகிறார்.

அவ்வளவுதான். துப்பாக்கி வெடிக்கவில்லை. பூனும் விட்டும் கூட இருந்த பெண்ணும் பில்லியோடு கிளம்பிப் போகிறார்கள். திரும்பிப் பார்த்தால் புகை. மனைவியைத் தூக்கில் போட்ட அந்த மரத்தைப் பிரிகேட் கொளுத்திவிட்டுத் தனியாக நிற்கிறார். படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த எரியும் மரத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும், அதுபோன்ற சட்டகம் அபூர்வம். ஆனால் நான் மரத்தை விட்டுவிட்டு மலைச் சரிவில் போகும் அந்தக் குதிரைகளைப் பார்க்கிறேன். மரத்தின் அடியில் பெட்டிகரின் ஆள் நிற்கிறான். பெட்டிகர் மெக்சிகோவில் காளைச் சண்டை கற்றவர், சாவின் முன் தனியாக நிற்கும் மனிதன்தான் அவருக்கு உலகம். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு காளைச் சண்டை வீரர் அர்ரூசாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க மெக்சிகோ போய், பல வருடத்தை அங்கே தொலைத்தார். குதிரை மேல் போய்க்கொண்டிருப்பவன் கென்னடியின் ஆள். நான்கு படங்களில் உயிரோடு தப்பித்த ஒரே வாயாடி. அவன் அடுத்து எங்கே போனான்?

அடுத்த வருடம் வந்த 'கமாஞ்சி ஸ்டேஷன்' பழைய வழிக்கே திரும்பியது. கிளாட் அகின்ஸ் நடித்த வாயாடி செத்துப்போகிறான். படம் அருமை, கடைசியில் அந்தக் கணவனைப் பற்றி வெளிவரும் உண்மை இன்னும் அருமை. ஆனால் கென்னடிக்கு இந்த முடிவு இனிமேல் போதாது என்று எனக்குப் படுகிறது. ஸ்காட் 1962-இல் சாம் பெக்கின்பாவின் படத்தோடு ஓய்வு பெற்றார். பெட்டிகர் மெக்சிகோவில். ஆக, கூட்டணி தானாகவே கலைந்தது.

கம்பி இல்லாத சிறை

கென்னடி இயக்கிய முதல் படம் 'தி கனேடியன்ஸ்', 1961. ராபர்ட் ரயன் குதிரைப் போலீசாக வருகிறார். தோல்வி. அதைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. அப்புறம் அவர் தொலைக்காட்சிக்குப் போய், 'காம்பாட்' என்ற போர்த் தொடரில் எழுதி இயக்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார். 1965-இல் 'தி ரவுண்டர்ஸ்' வந்தது. மேக்ஸ் எவன்ஸின் நாவல், திரைக்கதை கென்னடியே. கிளென் ஃபோர்டும் ஹென்றி ஃபோண்டாவும் வயதாகிக்கொண்டிருக்கும் இரண்டு குதிரை பழக்குபவர்கள். எப்போதும் கடன், எப்போதும் இதோடு இந்த வேலையை விட்டுவிடப் போகிறோம் என்ற பேச்சு. யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரைதான் படத்தின் வில்லன். யாரும் யாரையும் சுடுவதில்லை. எம்ஜிஎம் நிறுவனம் இதை இரட்டைக் காட்சியின் துணைப் படமாகத் தள்ளிவிட்டது, அப்படியும் மக்களுக்குப் பிடித்தது. பார்க்கும்போது எனக்குப் பூனும் விட்டும் நினைவுக்கு வந்தார்கள். மன்னிப்பு கிடைத்து, பண்ணை கைக்கு வராமல் போய், இருபது வருடம் கழிந்திருந்தால் அவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

இங்கிருந்து பார்த்தால் கென்னடியின் இயக்குநர் வாழ்க்கை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஊமை நாயகன் போய்விட்டான். வாயாடி பிழைத்து, நாயகன் இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். 1967-இல் 'தி வார் வேகன்'. ஜான் வெய்னும் கிர்க் டக்ளஸும் ஒரே நேரத்தில் ஆளுக்கொருவனைச் சுடுகிறார்கள். என் ஆள்தான் முதலில் விழுந்தான் என்கிறார் டக்ளஸ். என் ஆள் உயரமானவன் என்கிறார் வெய்ன். அந்தத் திரைக்கதை கிளேர் ஹஃபேக்கருடையது, கென்னடியுடையது இல்லை. ஆனால் வெய்னையே வாயாடிப் பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பதில் இயக்குநருக்கு இருக்கும் குஷி தெரிகிறது.

1969-இல் 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரீஃப்'. இதுவும் கென்னடி எழுதியதில்லை, வில்லியம் பவர்ஸ் எழுதியது. ஜேம்ஸ் கார்னர் ஆஸ்திரேலியா போகிற வழியில் ஒரு ஊரில் ஷெரீஃப் வேலைக்குச் சேர்கிறார். முதல் கைதி ப்ரூஸ் டெர்ன். சிறை புத்தம் புதுசு, ஆனால் கம்பிகள் இன்னும் வந்து சேரவில்லை. கார்னர் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுகிறார். கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிவப்புப் பெயின்ட் துளிகள். இதற்கு முன் கோட்டைத் தாண்டியவனுடைய ரத்தம் என்று கைதி நம்பும்படி ஒரு பேச்சு. டெர்ன் உள்ளேயே இருந்துகொள்கிறான். பின்னால் ஒரு பேர்பெற்ற துப்பாக்கிக்காரன் சவால்விட வரும்போது கார்னர் கல்லை எடுத்து எறிந்தே அவனை ஓடவைக்கிறார்.

இதைப் பகடி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தக் கோடு வண்டிக்குள் மாஸ்டர்ஸ் சொன்ன கதையின் மறுபக்கமாகத் தெரிகிறது. அங்கே துப்பாக்கியைத் தொடாமல், வெறும் பேச்சால் ஒருவன் மூன்று பேரைக் கட்டிப்போட்டான், அதற்குக் கூலியாகச் செத்தான். இங்கேயும் வெறும் பேச்சுதான், ஆனால் யாரும் சாக வேண்டியதில்லை. பேசத் தெரிந்தவன் ஊரைக் காப்பாற்றிவிட்டு ஆஸ்திரேலியா போகலாம். ஐம்பதுகளின் கென்னடியால் இந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது, அவரிடம் அப்போது ஸ்காட் இருந்தார்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். 'வெல்கம் டு ஹார்டு டைம்ஸ்' அதில் ஒன்று. டாக்டரோவின் நாவலைக் கென்னடியே எழுதி இயக்கினார், 1967. ஒரு அந்நியன் வந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போகிறான். அவன் பேசுவதே இல்லை, ஆல்டோ ரே வெறும் மிருகமாக வந்து போகிறார். வாயாடி இல்லாத இருட்டில் கென்னடிக்குக் கண் தெரியவில்லை. படம் சோகமாக இருக்க முயல்கிறது, கனமாக மட்டும் இருக்கிறது. நாவலாசிரியருக்கே அது பிடிக்கவில்லை.

பெரிய ஓட்டை 1971-இல் வந்த 'ஹானி கால்டர்'. ஸ்பெயினில் எடுத்தது, எழுதியதில் பங்கு இருந்தும் இசட். எக்ஸ். ஜோன்ஸ் என்ற புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மூன்று சகோதரர்கள் ஒரு பெண்ணின் கணவனைக் கொன்று அவளைப் பாலியல் வல்லுறவு செய்கிறார்கள். எர்னஸ்ட் போர்க்னைன், ஸ்ட்ரோதர் மார்ட்டின், ஜாக் ஈலம். அதே மூன்று பேர் மீதிப் படம் முழுக்க ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு கோமாளித்தனம் செய்கிறார்கள். நாம் சிரிக்க வேண்டுமாம். ராக்கெல் வெல்ச்சின் பழிவாங்கல் ஒரு படமாகவும் இவர்கள் வேறு படமாகவும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 'தி டால் டி'யில் அஷர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கிணறு அங்கேயே இருந்தது. இங்கே கிணற்றை மூடிவிட்டு அதன் மேல் மேடை போட்டுவிட்டார்கள். வாயாடி மேல் வைத்த பாசம் அவன் செய்ததை மறக்கும் அளவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படம் ஆதாரம். என் நண்பர் இந்த ஒரு படத்தைக் காட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் ஹல்க் ஹோகனைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் வெய்ன்

'செவன் மென் ஃப்ரம் நவ்' படத்தை அமெரிக்காவின் யூசிஎல்ஏ திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்தது, 2000-இல் அது மறுபடி திரைக்கு வந்தது. கென்னடி 2001 பிப்ரவரியில் இறந்தார், பெட்டிகர் அதே வருடம் நவம்பரில். இரங்கல் குறிப்புகளில் மறுபடி அதே வைரம், அதே கண்ணாடி. அவற்றில் 'தி டிரெயின் ராபர்ஸ்' என்ற பெயர் வந்தாலும் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே வந்திருக்கும்.

அது 1973-இல் வந்த படம். எழுத்தும் இயக்கமும் கென்னடி. ஆரம்பம் பாலைவனத்தில் ஒரு அனாதை ரயில் நிலையம், காற்று, மரப்பலகை கிறீச்சிடும் சத்தம், நீண்ட காத்திருப்பு. பேச்சே இல்லை. தனக்கு இதுவும் வரும் என்று காட்டுவதுபோல எடுத்திருக்கிறார். ரயிலில் வந்து இறங்குகிறார் ஜான் வெய்ன், கூடவே ஒரு விதவை, ஆன் மார்கிரட். இறந்த கணவன் கொள்ளையடித்து ஒளித்த அரை மில்லியன் டாலர் தங்கத்தைத் தேடி எடுத்து ரயில்வேயிடம் திருப்பிக் கொடுத்து, மகன் தலைமேல் அந்தப் பழி இல்லாமல் செய்ய வேண்டும் என்கிறாள். ஒரு பெண், சில ஆண்கள், வெட்டவெளி, பயணம். கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு முன் வெய்னுக்காக எழுதி ஸ்காட்டுக்குப் போன அதே அச்சு. கடைசியில் கென்னடிக்குத் தன் சொந்த எழுத்துக்கே வெய்ன் கிடைத்துவிட்டார்.

படம் சுமார்தான். நடுவில் தொய்கிறது, கூட வருகிற இளம் நடிகர்களுக்கு முகமே இல்லை. ஆனால் வெய்னும் அவர் ஆட்களும் கடைசியில் பெருந்தன்மையாகத் தங்கள் பங்கு வெகுமதியை அந்த விதவைக்கே விட்டுக்கொடுத்து அவளை ரயில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஸ்டிரைட்டும் பிரிகேடும் செய்திருக்கக்கூடிய காரியம். அப்போது படம் முழுக்கத் தூரத்திலிருந்தே கவனித்துக்கொண்டிருந்த ஒரு துப்பறிவாளர், ரிக்கார்டோ மொன்டல்பான், சிரித்தபடி வந்து விஷயத்தை உடைக்கிறார். அவள் விதவையே இல்லை. அந்தக் கொள்ளைக்காரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எல்லோரையும் பேசியே சாய்த்துவிட்டாள். இந்த முறை வாயாடி ஒரு பெண்.

வெய்ன் குதிரையைத் தட்டுகிறார். கூட இருப்பவர்கள் எங்கே என்று கேட்கிறார்கள். ரயிலைக் கொள்ளையடிக்க என்கிறார்.